கந்தூரி கொடுத்த பிறகு வந்த நோவு

ராத்தா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் தைத்துத் தந்த பஞ்சுப் பையின் ஓரம் பிரிந்துவிட்டது. உள்ளே இருந்த கடுகு சீமெந்துத் தரையெங்கும் ஓடியது. குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். இடது விலாவில் அந்த நோவு மறுபடி குத்தியது. இன்றோடு பதினாறு நாள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பிடி கடுகோடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மௌத்தாகி, மண்ணில் அடங்கி இரண்டு வருடம் முடிந்துவிட்டது. ஆனாலும் முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போகும்போது காலை பஸ்ஸில்தான் உங்களை முதலில் கண்டேன். நீங்கள் நிந்தவூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கல்முனைக்குடியில் ஏறினேன். பஸ் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நான் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததைப் பார்த்திருக்கிறீர்கள். காத்தான்குடி தாண்டியதும் என் காதோடு கேட்டீர்கள்.

"எந்தப் பக்கம் புள்ள?"

"இடது பக்கம்" என்றேன். ஒப்பரேஷன் முடிந்து நாலு மாதத்தில் என்னிடம் யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்க வந்த சனமெல்லாம் 'அந்த வருத்தம்' என்று மெல்லச் சொல்லி, அந்த வருத்தத்தில் போனவர்களின் கதையை என் தலைமாட்டிலிருந்தே கதைத்துவிட்டுப் போனார்கள். உங்களுக்கும் அதே வருத்தம், நீங்களும் அதே கிளினிக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தீர்கள்.

எடுத்த மார்பின் இடத்தில் நான் இரண்டு கைலேஞ்சியை மடித்து வைத்திருந்தேன். பத்து மணிக்குள் அது தோளுக்கு ஏறிவிடும். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பிள்ளைகள் பக்கம் திரும்பவே மாட்டேன். இதைச் சொன்னபோது நீங்கள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பையைக் கொண்டு வந்தீர்கள். வெளியே இலவம்பஞ்சு, நடுவில் சின்னப் பொட்டலமாகக் கடுகு. "பஞ்சுக்குப் பாரமில்ல. பாரமில்லாட்டி அது சொன்ன இடத்துல நிக்காது" என்றீர்கள். நிந்தவூரின் மணப்பெண்களுக்கெல்லாம் சட்டை தைத்த கை அது. அளவுநாடா வைக்காமலே என் அளவைப் பிடித்திருந்தீர்கள். அந்த வாரம் நான் பிள்ளைகளைப் பார்த்து நின்று பாடம் நடத்தினேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுததும் உங்கள் கோல் வரும். வீங்கிய கையைச் சுவரில் வைத்து விரல்களால் மேலே ஏற்ற வேண்டும் என்று கிளினிக்கில் காட்டித் தந்திருந்தார்கள் அல்லவா? நீங்கள் தந்த தையல் சோக்கால் நான் சுவரில் கோடு போடுவேன். நேற்றைய கோட்டைத் தாண்டாவிட்டால் உங்களிடம் பேச்சு வாங்க வேண்டும். மருந்து ஏற்றிவிட்டு வந்து சோற்று வாசமே பிடிக்காமல் சுருண்டு கிடந்த நாட்களில், கதைக்காதே, போனை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள் என்பீர்கள். அந்தப் பக்கம் உங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டபடி தூங்கிப்போவேன். இப்போதும் அஸர் பாங்கு முடிந்து கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் தையல் மெஷின் இல்லை.

எனக்குத்தான் முதலில் வைத்தியம் முடிந்தது. வீட்டுக்காரர் ஆடு அறுத்து நேர்ச்சையை நிறைவேற்றினார். உங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய கந்தூரி. இறக்காமத்து வயல் நெல்லில் சோறாக்கி, தெருவையே கூப்பிட்டு, ஒரு பெரிய சஹன் தட்டுக்கு ஆறு பேராக வரிசை வரிசையாக உட்கார வைத்தீர்கள். என்னையும் உங்கள் சஹனில் இருத்தி நல்ல இறைச்சியெல்லாம் என் பக்கம் தள்ளினீர்கள். கை கழுவும்போது சொன்னீர்கள்: "இனி நமக்கு நோவு வரப்படாது புள்ள. ஊரே திண்டிட்டுப் போயிரிச்சி."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அது பகிடியில்லை என்று விளங்கக் கொஞ்ச காலம் எடுத்தது. கந்தூரிக்குப் பிறகு யாரும் எங்களைச் சுகம் விசாரிக்கவில்லை. பகலில் சாய்ந்து படுத்தால், சுகமாகிவிட்டதுதானே, பிறகென்ன என்றார்கள். காரணமில்லாமல் கண் கலங்கினால், அல்லாஹ் தந்த சுகத்துக்கு இப்படியா நன்றி என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தோசப்பட்டவர்கள்தான் எல்லாரும். நன்றி சொல்லி முடித்த பிறகு நோகிறது என்பது நன்றிகெட்ட கதை என்று நாங்களும்தானே நம்பினோம்.

அறுவடைக் காலம். உங்கள் வீட்டுக்காரர் யானை இறங்காமல் காவலாக இறக்காமத்து வயல் வாடியிலேயே கிடந்தார். அஸருக்கு உங்கள் கோல் வந்தது. மெஷின் ஓடவில்லை.

"நாரி நோவுது புள்ள. முதுகுக்குக் கீழ, ஒண்டரை மாசமா ஒரே இடத்துல. மகள்ட வாப்பாக்கு எப்படிச் சொல்ற? கந்தூரியும் குடுத்து முடிஞ்சிது."

நான் என்ன சொன்னேன் என்று எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "எனக்கும் அப்பிடித்தான் ராத்தா. தலை இடிச்சாலும் அதுதான் எண்டு நெஞ்சு பதறும். வெறும் பயம் அது. வயல்காரருக்குச் சோறு தூக்கின நாரி நோவாம என்ன செய்யும்? ரெண்டு மாசத்துல கிளினிக்தானே, அப்ப சொல்லுவம்."

"ஓம், நீ சொன்னாச் சரி" என்றீர்கள்.

உங்களுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்கு நானும் தேறிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து கிளினிக்குக்குப் போனபோது அது முதுகெலும்பில் பரவியிருந்தது. முன்னரே வந்திருந்தாலும் ஆளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஆனால் இவ்வளவு நோவைத் தாங்க விட்டிருக்க மாட்டோம், அதற்கு மருந்து இருந்தது என்றார். முதல் பாதியைச் சொல்லித்தான் எல்லாரும் என்னைத் தேற்றுகிறார்கள். எனக்குக் கேட்பது இரண்டாவது பாதி. அந்த இரண்டு மாதமும் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது என் சொல்லை நம்பி.

கடைசியாக வந்தபோது உங்கள் கட்டிலில் உட்கார்ந்து அதைச் சொல்லி அழுதேன். நீங்கள் என் கையைத் தூக்கி, வீக்கம் இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தீர்கள். பிறகுதான் வாய் திறந்தீர்கள். "நீ என்ன செய்ற புள்ள. நான் கேக்க ஆசப்பட்டதத்தான் நீ சொன்னாய்."

என்னை மன்னித்துத்தான் அதைச் சொல்லியிருப்பீர்கள். ஆனால் இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாதது அந்த வார்த்தைதான்.

கிளினிக்கில் பழகிய பெண்கள் இப்போது எனக்குக் கோல் எடுப்பார்கள். பயம்தான் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று கேட்பேன். ஒரே இடத்தில் இரண்டு வாரம் நொந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காதீர்கள், போய்க் காட்டுங்கள் என்பேன். அட்டாளைச்சேனைப் பெண் ஒருத்தி தனியாகப் போக நடுங்கியபோது, கூடவே பஸ் ஏறிப் போனேன். இதெல்லாம் அடுத்தவர்களுக்கு. எனக்கென்று வந்தபோது நானும் வாயை மூடிக்கொண்டேன். போன வாரம் எங்கள் கடைக்கு வந்த ஒருவரிடம், என் மனைவிக்குப் பூரண சுகம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பகல் சோற்றுக்கு வந்தவரிடம் சற்று முன் சொல்லிவிட்டேன். பொறுக்கிய கடுகு மேசையில் ஒரு கோப்பையில் இருந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, பயத்திலும் அப்படி இருக்கும்தானே என்றார். அவர் முகம் கெஞ்சியது. ஓம் என்று நான் சொன்னால் போதும், இரண்டு பேரும் நிம்மதியாகச் சோறு தின்றிருப்போம்.

"பயமும் இரிக்கி, நோவும் இரிக்கி" என்றேன். "ரெண்டையும் கொண்டு போய்க் காட்டுவம்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடுகிலிருந்த தூசியை ஒவ்வொன்றாக எடுத்தார். கடையைப் பூட்டிவிட்டு நாளைக்கு அவரும் வருகிறார்.

பையைத் தைத்துவிட்டேன். பாதி உங்கள் தையல், பாதி என் கோணல் தையல். கடுகின் பாரம் அப்படியே இருக்கிறது. அஸர் பாங்கு முடிந்துவிட்டது, மெஷின் சத்தமும் தொடங்கிவிட்டது. நாளைக் காலை நிந்தவூர்ப் பக்கமிருந்து அந்த பஸ் வரும். ஜன்னலோரத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கும். கேட்பதற்கு முதலே சொல்லிவிடுகிறேன்.

இந்த முறையும் இடது பக்கம்தான், ராத்தா. பதினாறு நாள்.