வாய் திறக்காத இரண்டாம் பாதி

அவனியாபுரம்,
12.8.1979, ஞாயிறு.

ஜபல்பூரில் பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன் வெள்ளைத்துரைக்கு, தங்கை சோலையம்மாள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. செவலை கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. ஆடி முடியப்போகிறது, மழையைத்தான் காணோம். நீங்கள் சீருடையில் எடுத்து அனுப்பிய போட்டோவை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டிவிட்டு வந்துவிட்டது. ஒரு மூலை மடங்கிவிட்டது.

சங்கிலி அண்ணன் கமிட்டி சார்பில் எழுதிய கடிதம் இதற்குள் உங்களுக்குக் கிடைத்திருக்கும். தபாலில் போடும் முன் நம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். செப்டம்பர் கடைசியில் உங்களுக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது, நேரே வந்து நம் ஜோதி கால்பந்துக் குழுவுக்குக் கோச்சாக இருக்க வேண்டும், கூடவே அவருடைய லேத் பட்டறையில் மேற்பார்வை வேலையும் தருகிறேன் என்று எழுதியிருந்தார். மறுநாளே அம்மா ஆள் வைத்து வடக்கு அறைக்கு வெள்ளையடித்துவிட்டது. உங்களுக்கு ஆசை இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் பந்து உதைத்துப் பழகிய மைதானம் அது. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதவே நான்கு நாள் யோசித்தேன்.

இப்போதுள்ள கோச் துளசிராமை நீங்கள் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். தெப்பக்குளம் பக்கத்தில் சாயப்பட்டறையில் வேலை. மணிக்கட்டு வரை கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். வேலை முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நாலரைக்கெல்லாம் இங்கே வந்துவிடுவார். சுண்ணாம்பில் பட்டறையின் மிச்சச் சாயத்தைக் கலந்து கோடு போடுவார். மூன்றாம் டிவிஷனில் ஊதா நிறக் கோடு உள்ள மைதானம் நம்முடையது மட்டும்தான் என்று நினைக்கிறேன். வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் நூலகம் போன வருஷம் மைதானத்தை ஒட்டிய கட்டடத்துக்கு மாறியது. என் மேசைக்குப் பக்கத்து ஜன்னலுக்கு நேர் கீழேதான் அவர் நிற்பார், அந்த இடத்தில் மட்டும்தான் சாயங்கால நிழல் விழும். அவர் சொல்வது ஒன்று விடாமல் என் காதில் விழும். அவரோடு நான் பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்காது. ஆனால் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தப்புச் செய்த பையனை எல்லார் முன்னாலும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. தண்ணீர் குடிக்க வரும்போது தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போவார். கோல்கீப்பர் முத்திருளன் மாடு பிடிக்கிற வீட்டுப் பையன். பந்து கைக்கு வந்தால் திமிலைப் பிடித்த மாதிரி கட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடிவிடுவான். எதிரிக்கு ஃப்ரீ கிக். அவனுக்கு அதைப் புரிய வைக்க ஒரு மாதம் ஆனது. “மாடு உன்னை உதறத்தான் பாக்கும், பந்து பாவம், எங்கிட்டுப் போகும்? விட்ருடா,” என்று அவர் சொன்னபோது நான் பதிவேட்டில் தப்பான பக்கத்தில் எழுதிவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருஷம் ஆடிய ஏழு ஆட்டத்திலும் தோல்வி. அக்டோபரில் இன்னும் நான்கு ஆட்டம் பாக்கி. கடைசி இரண்டு இடத்தில் நின்றால் லீகை விட்டே நீக்கிவிடுவார்கள். ஆனால் சங்கிலி அண்ணன் கோபம் தோல்வியால் மட்டும் வந்ததில்லை. போன ஞாயிறு நடந்த ஏழாவது ஆட்டத்தால் வந்தது.

துளசிராம் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவர்கள் ஜவுளிக் கடைகளில் வாடிக்கையாளர் முன்னால் தங்களுக்குள் விலை பேசிக்கொள்ள வீட்டுப் பேச்சை எடுப்பார்கள் இல்லையா, அந்தச் சாமர்த்தியத்தை இவர் மைதானத்துக்குக் கொண்டுவந்தார். எதிரிக்குப் புரியாமல் உத்தரவு சொல்ல, பையன்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வார்த்தை கற்றுக்கொடுத்தார். ‘ஜா’ என்றால் முன்னே போ. ‘அவோ’ என்றால் பின்னே வா. முத்திருளன் வீட்டு எருமையையே ‘அவோ’ என்றுதான் கூப்பிடுகிறானாம், எருமையும் வருகிறதாம்.

போன ஞாயிறு எதிரே ஆடியது தெப்பக்குளத்து அணி. பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பையன்கள். அவர் தெருக்காரர்கள், வீட்டில் பேசுவதும் அதே சௌராஷ்டிரம். பழக்க தோஷத்தில் இவர் வழக்கம்போல் கத்த, நம்மவர்கள் திரும்புவதற்கு முன் அவர்கள் அங்கே போய் நின்றார்கள். கடைசியில் அவர்களில் ஒருவன் ஜன்னலுக்குக் கீழே வந்து, “மாமா, இன்னொரு தரம் சொல்லுங்க, சரியாக் கேக்கலை,” என்று தமிழிலேயே கேட்டுவிட்டு ஓடினான். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியிருந்தோம்.

இடைவேளையில் பையன்களை நிழலில் உட்காரவைத்து அவர் சொன்னதை நான் சொல்கிறேன். வேறு யாருக்கும் அது கேட்டிருக்க வழியில்லை.

“மூணு கோலும் நான் வாங்கினது, நீங்க வாங்கலை. இனிமே நான் வாயத் தெறந்தா அவங்களுக்குத்தான் லாபம். அதனால நான் இங்க இல்லைன்னு வச்சுக்கங்க. ஒருத்தன ஒருத்தன் பாத்து ஆடுங்க.”

முத்திருளன், “அப்பயும் தோத்துட்டா, மாஸ்டர்?” என்றான்.

“தோத்தா எம்மேல போடுங்க.”

இரண்டாம் பாதி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. ஊதாக் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டே இருந்தன. நான் நூலக அலமாரியிலிருந்து கால்பந்து விதிப் புத்தகத்தை எடுத்து அட்டை முதல் அட்டை வரை படித்தவள். அந்தப் படிப்பை வைத்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நம் பையன்கள் அப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. யாரும் கூப்பிடாமலே ஒருவன் இடத்துக்கு இன்னொருவன் போனான். அதற்குப் பிறகு ஒரு கோல்கூட வாங்கவில்லை. நாம் ஒன்று போட்டோம். ஒரு வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்தது அவர் பேசாதபோதுதான் வெளியே தெரிந்தது.

கமிட்டிக்காரர்கள் எதிர்ப்பக்கம் பந்தலில் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது வேறு. முதல் பாதியில் தன் சாதிப் பையன்களுக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் கத்திச் சொன்னான், இரண்டாம் பாதியில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் பேச்சு. சங்கிலி அண்ணன் நம் வீட்டிலேயே சொன்னார்: “தோத்தாக்கூடப் பரவால்ல தாயி, ஆட்டத்த வித்துப்புட்டான்.” துளசிராமைக் கூப்பிட்டு விசாரித்தபோது, மறந்துபோய்க் கத்தியது தன் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பையன்கள் சொன்னதையும் கமிட்டி எடுத்துக்கொள்ளவில்லை. அவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்களாம்.

அண்ணே, நான் போய்ச் சொன்னேன். லேத் பட்டறை வாசலில், அத்தனை ஆட்கள் வேலை பார்க்கும் இடத்தில் நின்று சொன்னேன். அது எனக்கு எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். சங்கிலி அண்ணன் சிரித்துக்கொண்டே, “ஏம்மா, அண்ணன் ஊருக்கு வாரது தங்கச்சிக்குப் பிடிக்கலையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

துளசிராமிடம் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். தன் சொந்தத் தெரு அணியோடு ஆடும்போது அந்தப் பேச்சை மறந்தது பெரிய பிசகு. உங்களுக்கு ஆட்டம் அவரைவிட அதிகம் தெரியும். ரெஜிமென்ட் அணியைப் பழக்கியவர் நீங்கள். மற்ற எந்தக் காரணத்துக்காக அவரை மாற்றினாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். ஆனால் நீங்கள் இப்போது வந்து அந்த இடத்தில் நின்றால், அவர் ஆட்டத்தை விற்றவர் என்பதற்கு நம் வீட்டு ஆளே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்புறம் அவர் தன் தெருவிலும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, நம் தெருவிலும் முடியாது. அவர் இன்னும் தினமும் நாலரைக்கு வருகிறார். நேற்றும் கோடு போட்டார்.

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் கிடைக்கிற மாதிரி சங்கிலி அண்ணனுக்கு ஒரு கார்டு போடுங்கள். துளசிராமை நீக்கிவிட்டு அந்த இடத்துக்கு வரமாட்டேன் என்று ஒரு வரி போதும். உங்களை விட்டால் அவர்கள் கைவசம் வேறு ஆள் இல்லை. உங்களுக்குச் சொன்ன பட்டறை வேலையும் அதோடு போய்விடும். தெரிந்துதான் கேட்கிறேன். அம்மாவிடம் நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் என்னோடு பேசாது. பரவாயில்லை.

நீங்கள் பட்டாளத்துக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. லீவில் வந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு வருஷம் தேறாது. பட்டறை வாசலில் எனக்கு வராத பதிலை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாமலே வாருங்கள், அண்ணே. என் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடலாம். வேறு வேலை கிடைக்கிறபோது கிடைக்கட்டும். அக்டோபரில் நான்கு ஆட்டம் இருக்கிறது, ஜன்னல் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது.

அழகர் உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக் கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளாத அண்ணனின் தங்கை,
சோலை.