ஐம்பத்திரண்டுக்கு மூன்று என்று ஜெயித்த சனிக்கிழமை

அன்பு மகள் கோரினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே குளிரிலும் மழையிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை, ஆகவே நான் முழு நலம், உன் அப்பா முக்கால் நலம் என்று வைத்துக்கொள். பதறாதே, கடைசி வரை படி. போனில் சொல்லிவிடலாம் என்றால் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அவர் சமையலறைக்கு வந்து பாத்திரம் துடைப்பதுபோல நின்றுகொள்கிறார், துடைத்த தட்டையே மறுபடியும் துடைக்கிறார், நான் என்ன சொல்கிறேன் என்று காது அங்கேயே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். அப்பாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் அமுண்ட்சன் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வால்வை மாற்ற வேண்டும், பனி விழுவதற்கு முன்னால் செய்துவிடுவது நல்லது, தள்ளிப்போடுகிற சமாசாரம் இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். அவர் கொடுத்த தேதி டன்மோர் அணியோடு நம் கல்லூரிக்குக் கால்பந்து ஆட்டம் இருக்கிற வாரம். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா. ஏதோ கல்யாணத்துக்கு அழைத்ததுபோலச் சிரித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி டாக்டர், சீசன் முடியட்டும், டிசம்பர்ல பாத்துக்கலாம்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல் தபால் பெட்டி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து, "பாத்தியா, மூச்சே வாங்கல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று எனக்குக் காட்டுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. நான் கெஞ்சிப் பார்த்தேன், கோபித்துக்கொண்டேன், ஒரு வாரம் இனிப்பு ரொட்டி சுடவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

ஆட்டம் பார்க்கப் போகலாமா என்று நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். பார்க்கலாம், ஆனால் படபடப்பு ஆகக்கூடாது என்றார். படபடப்பு இல்லாமல் நம் நாரைகள் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி என்று யோசித்தேன். பட்டியலைப் பார்த்தால் போன சனிக்கிழமைக்கு லிட்டில் ஃபோர்க் கல்லூரி என்று இருந்தது. பாவம், நம்மூர் உயர்நிலைப்பள்ளிப் பையன்கள்கூட அவர்களைத் தோற்கடித்துவிடுவார்கள். சரி, சுலபமாக ஜெயிப்போம், அவரும் வெயில் காய்ந்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டு நானே டிக்கெட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் குடித்தனம் செய்தும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

ஐம்பத்திரண்டுக்கு மூன்று. அந்த மூன்றுகூட நம் பையன்கள் போனால் போகிறது என்று கொடுத்தது. முதல் டச் டவுனுக்கு எல்லோரும் எழுந்து கத்தினார்கள். இரண்டாவதுக்குக் கை தட்டினார்கள். நான்காவதுக்கு உன் அப்பா "ம்" என்றார். அப்போதுதான் உறைத்தது. இழுபறி ஆட்டமாக இருந்திருந்தால் இவர்களுக்கு யோசிக்க நேரம் இருந்திருக்காது, பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் செய்திருப்பார்கள், கடைசி நொடியில் ஜெயித்தால் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். சுலபமாக ஜெயித்தால்தான் ஆபத்து. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையனையும் துணி வாங்குகிறவர்கள்போல வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். பாதி ஆட்டம் முடிவதற்குள் அப்பாவின் கழுத்து சிவந்துவிட்டது. "அந்தப் பையன் லிண்ட்குவிஸ்ட் இடது பக்கமே பாக்குறான், மார்லிஸ். வலது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே அவனுக்குத் தெரியல" என்று என் காதில் புலம்பிக்கொண்டே இருந்தார். அந்தக் குவார்ட்டர்பேக் பையன் அதற்குள் நான்கு டச் டவுன் வீசியிருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல வண்டி நிறுத்துமிடத்தில் பீன்ஸும் இறைச்சியும் கொதிக்கிற சில்லிப் பானை. பானை காலியாகும்வரை யாரும் வண்டியை எடுக்கக்கூடாது, கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சின்ன வயதில் நீ கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு எதிரணியின் தொப்பி அசிங்கமாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னதை வெர்லின் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டார், முட்டி தேய்ந்துவிட்டது, வாய் மட்டும் தேயவில்லை. அன்றைக்கு முதலில் கரண்டி அவர் கையில். "ஸ்கோரச் சொல்லி என்னைய ஏமாத்தாதீங்கப்பா. மூணாவது முயற்சில ரெண்டு கஜம் வேணும்ங்கும்போது நம்ம முன்வரிசை தள்ளுச்சா? தள்ளல. லிட்டில் ஃபோர்க் பசங்களே வாங்க வாங்கன்னு வழி விட்டானுங்க. நம்மாளுங்க சும்மா நடந்து போனானுங்க" என்றார். அடுத்து ஜோலின். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும்போது எவ்வளவு சாந்தமாக இருப்பாள், கரண்டி கைக்கு வந்தால் போதும். "ஐம்பத்திரண்டு எடுத்ததுக்கு ஐம்பத்திரண்டு பேரும் தலை குனியணும். ஒரே உத்தியத்தான் திருப்பித் திருப்பி ஆடுனாங்க. நானே மனப்பாடம் பண்ணிட்டேன், டன்மோர்காரன் பண்ணமாட்டானா" என்று பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் லிட்டில் ஃபோர்க் சட்டை போட்ட ஒரு தம்பதி காரில் ஏறப் போனவர்கள் இதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த மனிதர் தயங்கித் தயங்கி வந்து, "தப்பா நினைக்காதீங்க, இன்னைக்கு ஜெயிச்சது நீங்கதானே?" என்று கேட்டார். ஜோலின் அவருக்கு ஒரு கிண்ணம் சில்லியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கொடுத்து உட்காரவைத்தாள். துக்க வீட்டுக்கு வந்தவர்போல மரியாதையாகச் சாப்பிட்டார்.

அப்புறம் கரண்டி உன் அப்பாவிடம் போனது. நான் கொடுக்காதே என்று வெர்லினுக்குக் கண்ணைக் காட்டினேன், அவர் கண் பானையில் இருந்தது. அப்பா எழுந்து நின்றார். இப்படி ஒரு பேச்சை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை, கோரின். "எல்லாரும் லிண்ட்குவிஸ்டையும் முன்வரிசையையும் திட்றீங்க. நான் ஒண்ணு சொல்றேன். கஷ்டமே வராத எடத்துல ஒருத்தன் நல்லா இருக்கான்னா, அவன் நல்லா இருக்கான்னு அர்த்தம் கிடையாது. பந்தைக் கொண்டுபோற நம்ம தாக்குதல் அணிக்குள்ள ஒரு விரிசல் இருக்கு. இன்னைக்குத் தெரியல, ஏன்னா இன்னைக்கு யாரும் அமுக்கிப் பாக்கல. இப்பவே பிரிச்சிச் சரி பண்ணணும். டன்மோர் வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்னு உக்காந்திருந்தா, அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால நடு மைதானத்துல விழுவோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் "விழுவோம்" என்ற இடத்தில் மூச்சு முட்டி நின்றார். பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. ஜோலின் தண்ணீர் கொடுத்தாள். சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் விசிறினேன். நிறம் திரும்பியதும் அவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா, "வெயில்." ஒரு பொட்டு வெயில் கிடையாது, மேகம் மூடிக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. இத்தனை வருஷத்தில் அந்தக் கரண்டியை நான் தொட்டதில்லை, கழுவுவதற்குத் தவிர. அவர் கையிலிருந்து பிடுங்கினேன். "இப்ப நான் ஒரு தாக்குதல் அணியப் பத்திப் பேசப்போறேன்" என்றேன். "இந்த அணி தெனமும் காலையில தபால் பெட்டி வரைக்கும் போயிட்டு வந்து, நான் ஜெயிச்சிட்டேன், நான் நல்லாருக்கேன்னு சொல்லுது. தபால் பெட்டி என்ன டன்மோரா? மாடிப்படி வந்தா இந்த அணி பாதியில நின்னுபோகுது. டாக்டர் உள்ள விரிசல் இருக்கு, பிரிச்சிச் சரி பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அணி என்ன சொல்லுது? சீசன் முடியட்டுமாம். சொல்லுங்க, இந்தத் தாக்குதல் அணியப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?" வால்வு விஷயம் அவர்கள் யாருக்கும் தெரியாது, உன் அப்பா சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியம் அங்கே சில்லிப் பானையோடு போயிற்று, நான் வருத்தப்படவில்லை.

முதலில் வெர்லின்தான் உன் அப்பாவைப் பார்த்து வாய் திறந்தார். "டுவேன், இது ரொம்ப மோசமான தாக்குதல் அணி" என்றார். ஜோலின், "பயிற்சியாளர மாத்தணும்" என்று என்னைக் காட்டினாள். லிட்டில் ஃபோர்க்கிலிருந்து வந்த மனிதர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு, "வெளியூர்க்காரன் சொல்றேன்னு நினைக்காதீங்க, தள்ளிப்போடாதீங்க சார்" என்றார். உன் அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தான் சொன்னதையே தன் தலையில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது, சிரிப்பும் வருகிறது, சிரிக்கவும் பிடிக்கவில்லை. கடைசியில், "ஓய்வு வாரத்துல முடியுமான்னு கேளு. ஆட்டம் இருக்குற வாரத்துல மட்டும் வேணாம்" என்றார்.

ஓய்வு வாரம் என்றால் நம்மூரில் என்ன பாடு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டம் இல்லாத அந்த ஒரு சனிக்கிழமையை ஒட்டித்தான் ஊரில் பாதிக் கல்யாணம், ஞானஸ்நானம், பல் பிடுங்குவது எல்லாம். வெர்லின் வசந்த காலத்திலேயே முட்டி ஆபரேஷனுக்கு அந்த வாரத்தைப் பிடித்துவைத்திருக்கிறார். "என் எடத்த எடுத்துக்கோ, டுவேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். முட்டி டாக்டர் இதயத்தைத் திறந்தால் என்ன ஆகும் என்று ஜோலின் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, இடம் கிடைக்காவிட்டால் அதையே சாக்காக வைத்து மறுபடி டிசம்பர் என்பாரே என்று மனசு அடித்துக்கொண்டது. திங்கட்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். டாக்டர் அமுண்ட்சன் சிரித்தார். "நானும் இந்த ஊர்லதான் வளந்தேன். எங்க சுத்தினாலும் நீங்க அந்த வாரத்துக்குத்தான் வருவீங்கன்னு தெரியும், வியாழக்கிழமையை யாருக்கும் கொடுக்காம வச்சிருக்கேன்" என்றார். அப்பா அவரிடம் சனிக்கிழமை ஆட்டம் பார்த்தீர்களா என்று கேட்டார். "பாத்தேன். முன்வரிசை சரியில்ல" என்றார் டாக்டர். உன் அப்பா அப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டார், பேனா கேட்கக்கூட இல்லை, தன் பேனாவையே எடுத்தார்.

இதுவரைக்கும் சிரிக்கச் சிரிக்க எழுதிவிட்டேன். ஒன்றை மட்டும் அப்படி எழுத முடியாது. நேற்று தோட்டத்தில் பூசணிக்காய் பறித்துக்கொண்டிருந்தோம். அவர் குனியக்கூடாது என்று நான் பறித்து நீட்ட, அவர் வாங்கி வண்டியில் வைத்தார். ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டே, "மார்லிஸ், எனக்குப் பயமா இருக்கு" என்றார். டன்மோர் ஆட்டமெல்லாம் சாக்குத்தான் கண்ணே, அந்த மனிதர் இத்தனை நாளும் பயத்தில்தான் தபால் பெட்டிக்கு நடந்துகொண்டிருந்தார். எனக்கும் பயம்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் மண்கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். இது இப்போது நிறையப் பேருக்குச் செய்கிற சிகிச்சைதான், பெரும்பாலும் நன்றாகவே முடியும் என்று டாக்டர் சொல்கிறார். நான் அவரை நம்புகிறேன். பகலில் முழுதாக நம்புகிறேன்.

உன் சமாசாரத்தையும் எழுது. வேலைக்காகக் கடலுக்குள் காற்றாலை பார்க்கப் படகில் போகும்போது அந்தத் தடித்த கோட்டைப் போடு, அழகாக இல்லை என்று ஆணியில் மாட்டிவைக்காதே. ரொட்டியும் டப்பா மீனும் சாப்பிட்டு நாளை ஓட்டாதே, ஒரு நாளாவது பானை வைத்துச் சமை. வீட்டுச் சொந்தக்காரர் இன்னும் ஹீட்டரைச் சரி செய்யவில்லை என்றால் என்னிடம் நம்பரைக் கொடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பேச்சில் அடிக்கடி வருகிற அந்தப் பையனுக்குக் கால்பந்து என்றால் காலால் உதைப்பது மட்டும்தான் என்று நினைப்பு போலிருக்கிறது, அதை அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம், ஒரு வால்வு மாற்றினால் போதும்.

கடவுள் உன்னை எல்லாக் காற்றிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடட்டும். நம் ஓய்வு வாரம் அக்டோபர் மூன்றாவது வாரம், ஆபரேஷன் வியாழன் காலை, நினைவில் வைத்துக்கொள். நான் உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று அப்பா மோப்பம் பிடித்துவிட்டார். இப்போதுதான் வந்து, அவ்வளவு தூரத்திலிருந்து நீ லீவு போட்டுவிட்டு அலைய வேண்டாம், வரவேண்டாம் என்று கண்டிப்பாக எழுதச் சொல்லிவிட்டு, நான் எழுதுகிறேனா என்று பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். எழுதிவிட்டேன், பார்த்துவிட்டுப் போய்விட்டார். எந்த விமானத்தில் வருகிறாய் என்று உடனே சொல், நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்லிஸ்