ஸ்டெல்லா திருத்தி எழுதிய ரீடிங்

பிப். 6, வியாழன்

காலையில் பனி. ஏரிக்கரையே தெரியவில்லை. பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ப்ராக்டிகல் திங்கள், செவ்வாய். அதற்குள்:
ப்யூரெட் பதினாறு கழுவ வேண்டும். நான்கில் திருகு ஒழுகுகிறது, வாஸலின்.
பர்மாங்கனேட் கரைசல் சனிக்கிழமையே போட்டுவிட வேண்டும்.
லேபிள். பாதி பாட்டிலில் எழுத்தே இல்லை.
துடைக்கப் பழைய வேட்டி, வீட்டிலிருந்து. அவரிடம் கேட்கக் கூடாது, எடுத்துவிட வேண்டும்.

மத்தியானம் கெமிஸ்ட்ரி சார் லேபுக்கு வந்தார். "எக்ஸ்டர்னல் யாருன்னு வந்துடுச்சு மேடம். ஸ்டெல்லான்னு ஒரு டீச்சர். இதே ஸ்கூல்ல படிச்சவங்களாம். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். கழுவிய பீக்கரையே மறுபடி கழுவினேன்.

தெரியுமாவாம். இதே லேபில், ஜன்னலோர மூன்றாவது மேஜையில், இரண்டு வருஷம் என் பக்கத்தில் நின்றவள். இருபத்திரண்டு வருஷமாக அவளோடு ஒரு வார்த்தை இல்லை. தப்பு என்னுடையது. இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும். லேப் அசிஸ்டெண்ட் வேலைக்கு வந்த நாளிலிருந்து தினமும் அந்த மேஜையைத் துடைக்கிறேன். இன்னும் எத்தனை நாள்தான் துடைப்பது.

பிப். 7, வெள்ளி

மேகம். மழை இல்லை. அறுப்பு நேரம், வராமல் இருந்தால் சரி.

ப்யூரெட் முடிந்தது. ஒன்று நுனி உடைந்தது. என் கை.

கதவோரம் பிள்ளைகள் பேச்சு:
"அமோனியம்னா மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும்டி. அப்புறம் இன்னா, மேலேர்ந்து கீழ வரைக்கும் மனப்பாடமா எழுதிட வேண்டியதுதான்."
"அக்கா, எனக்கு இன்னா சால்ட்டு வெப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்கக்கா. சாமி சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன்."
துரத்திவிட்டேன். சிரிப்பும் வந்தது. நாங்களும் அப்படித்தான். கிப் உபகரணத்தைத் திறந்தால் லேபே அழுகின முட்டை நாற்றம், அதிலும் ஸ்டெல்லா மட்டும் மூக்கைப் பொத்தாமல் நிற்பாள். நான் வெளியே ஓடிவிட்டு, வந்து அவள் நோட்டைப் பார்ப்பேன்.

எனக்கு மோல் கணக்கு ஏறவே ஏறாது. மிஸ் மூன்று முறை நடத்தியும் ஏறவில்லை. லேபுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் பக்கம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டெல்லா சொன்னாள்: "ஒரு மூட்டை நெல்லுல எத்தினி நெல்லு கீதுன்னு உங்க நைனா எண்ணியா விக்கிறாரு? எடை போட்டுதான? மோலும் அதான். எண்ண முடியாதத எடை போடறது." அன்றைக்கு ஏறியதுதான். இன்று வரை கரைசல் போடும்போது அவள் குரலில்தான் கணக்குப் போடுகிறேன். அவள் அம்மாவும் அப்பாவும் எங்கள் நிலத்தில்தான் அந்த மூட்டைகளைத் தூக்கினார்கள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவள் சாப்பாட்டு டப்பாவிலிருந்து நான் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. என்னுடையதை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பிப். 8, சனி

லேபில் நான் மட்டும். நல்ல வெயில்.

பர்மாங்கனேட் போட்டாயிற்று. பழுப்பு பாட்டில் நாலு. விரல் நுனியெல்லாம் கறை, எலுமிச்சைக்கும் போகவில்லை.

எழுதிவிடுகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

பொதுத்தேர்வு ப்ராக்டிகல். பர்மாங்கனேட் டைட்ரேஷன். சொட்டு சொட்டாக விட வேண்டியதை நான் பயத்தில் திறந்துவிட்டேன். இளஞ்சிவப்பு வர வேண்டிய இடத்தில் நாவல்பழச் சாறு. மறுபடி செய்ய நேரம் இல்லை. பக்கத்தில் ஸ்டெல்லாவின் தாள். 9.6, 9.5, 9.5. மூன்றையும் அப்படியே எழுதினேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அழகாக.

முதல் ரீடிங் எல்லோருக்கும் முன்னே பின்னேதான் வரும். இரண்டு பேருக்கு மூன்றும் ஒன்றாக வரவே வராது. வந்த எக்ஸ்டர்னல் கண்டுபிடித்துவிட்டார். "யார் யாரைப் பார்த்து எழுதினது?"

ஸ்டெல்லா முதல் ரீடிங்கை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதியிருந்தாள். அழிக்காதே, மை பூசாதே, அடித்து எழுது என்று எங்கள் மிஸ் சொல்லிக் கொடுத்த முறை. அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். என் தாளில் ஒரு கீறல் இல்லை.

"அடிச்சுத் திருத்தியிருக்க. அப்ப நீதான்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் ப்யூரெட்டைப் பார்த்தேன். மிஸ்ஸுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரியும், யார் எப்படி என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் எங்கள் நைனா என்பதும் தெரியும். மிஸ் வாயைத் திறக்கவில்லை.

அவளுக்கு எட்டு மார்க் போயிற்று. தியரியில் ஒன்று கூட போகவில்லை. ஆபீஸ் வராண்டாவில் சென்டம் எடுத்தவர்கள் பெயர்ப் பலகை இருக்கிறது. கெமிஸ்ட்ரிக்கு அந்த வருஷம் யாரும் இல்லை.

பிப். 9, ஞாயிறு

கறிக்குழம்பு. அவருக்குப் பல்வலி, சாப்பிடவில்லை.

நாளை என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நாலு தாள் கிழித்தேன். வேறு எப்படியும் வராமல் ரெக்கார்டு நோட்டு மாதிரி கட்டம் போட்டேன்.

சோதனை: மூன்று ரீடிங்கைப் பார்த்து எழுதினேன். கேட்டபோது சும்மா நின்றேன்.
காண்பன: அவள் அழவில்லை. டெஸ்ட் ட்யூபைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்தாள்.
அறிவன:

அங்கே எழுத எதுவும் வரவில்லை.

"லீவு நாள்ல கூட இன்னா எழுதிக்கினு கீற?" அவர், கன்னத்தில் கை வைத்தபடி.
"ஸ்கூல் வேலை."
"ப்ராக்டிகல் பசங்களுக்கா, உனக்கா?"

பிப். 10, திங்கள்

பனி இல்லை. ஏழரைக்கே லேபைத் திறந்தேன்.

ஒன்பதுக்கு வந்தாள். காட்டன் புடவை, கண்ணாடி, முன்னால் கொஞ்சம் நரை. நடை அதே நடை. கெமிஸ்ட்ரி சார் அறிமுகப்படுத்தினார். "வணக்கம் மேடம்" என்றாள் என்னிடம். "ப்யூரெட் எல்லாம் ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க."

வெச்சிருக்கீங்க. என்னை அடித்திருக்கலாம்.

ஜன்னலோர மேஜை பக்கம் போனபோது மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். அவ்வளவுதான்.

இரண்டாவது பேட்ச்சில் ஒரு பெண்: "அக்கா, வேற தாள் குடுங்கக்கா. அடிச்சிட்டேன். மேடம் பாத்தா போச்சி." நான் பதில் சொல்லும் முன் ஸ்டெல்லா வந்துவிட்டாள்.

"எதுக்கு வேற தாளு? தப்பா பாத்த, திருத்துன. நல்லதுதான? ஒரே கோடு போடு, பக்கத்துல எழுது. அதுக்கெல்லாம் நான் மார்க் கொறைக்கிறதில்ல."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதேன். வெட்கமாக இருக்கிறது எழுத. நாற்பது வயசு.

இன்றும் சொல்லவில்லை. மூன்று முறை பக்கத்தில் போனேன். ஒரு முறை டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

பிப். 11, செவ்வாய்

கடைசி பேட்ச் மூன்றரைக்கு முடிந்தது. ஒரு பிப்பெட் உடைந்தது. மார்க் கவர் ஒட்டி, எச்.எம். கையெழுத்துக்கு சார் எடுத்துக்கொண்டு போனார். லேபில் நானும் அவளும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவை மூடிக்கொண்டிருந்தாள். நான் சிங்க்கில்.

தண்ணீரை நிறுத்தினேன். "ஸ்டெல்லா, அன்னைக்கி நான்தான் உன்னப் பாத்து எழுதுனேன்."

"தெரியும்."

"மூணு ரீடிங்கும்."

"தெரியும் விஜி. பர்மாங்கனேட்டுக்கு மேல்மட்டம் பாக்கணும்ல, நான் அவசரத்துல கீழ்மட்டம் பாத்து 9.8ன்னு எழுதிட்டேன். அப்புறம் அடிச்சி 9.6 போட்டேன். நீ அதுக்கப்புறம்தான் எட்டிப் பாத்த. ஓரக்கண்ணுல பாத்துக்கினுதான் இருந்தேன்."

"ஏன் நீ சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

உன் மார்க், உன் சென்டம், பலகையில் உன் பெயர் என்று ஏதோ உளறினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மார்க்கு போனா இன்னா. நான் படிச்சேன், வேலைக்கி வந்தேன். அன்னைக்கி சாயங்காலம் பஸ்ஸுல உனக்கு சீட்டு புடிச்சி வெச்சேன். பைய வெச்சி. வந்து உக்காருவ, ஏதாவது சொல்லுவேன்னு. நீ ஏறுன. என்னயும் பாத்த, சீட்டயும் பாத்த. பின்னால போய் ஊரு வரைக்கும் நின்னுக்கினே வந்த. அதான்டி என்னால முடியல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் உன்கிட்ட பேசலன்னு நீ நெனச்சிருப்ப. நீதான் பேசல."

அந்த பஸ் எனக்கு மறந்தே போயிருந்தது. இத்தனை வருஷம் எட்டு மார்க்கை மட்டும் சுமந்துகொண்டிருந்தேன். அவள் சுமந்தது வேறு.

சார் வந்துவிட்டார். கையெழுத்து, சீல், நன்றி மேடம், நன்றி சார்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். காஞ்சிபுரம் பஸ், எங்கள் ஊரான காவாந்தண்டலம் வழி. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பக்கத்தில் பை. என் வீடு ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அந்த பஸ்ஸில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி, இப்பவும் நின்னுக்கினேதான் வரப்போறியா?"

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்: "எனக்கு காஞ்சிபுரம். இவளுக்கு காவாந்தண்டலம். அங்கேர்ந்து திரும்பி வர்றதுக்கு ஆறரைக்கி பஸ்ஸு கீதா?"