கராம்பு மணக்கும் கார்

யட்டவத்த பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கணவன் றிகாஸ், புதிதாக வாங்கிய பழைய காருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்திருந்த தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்திலேயே நிஷ்மியா எழுதினாள்.

“சோறு மேசையில மூடி இருக்கு. சாப்பிட முந்தி கார்ப் பக்கம் போகாதீங்க, போனா சோறு இறங்காது. முன் சீட்டுக்குக் கீழ எலி குட்டி போட்டிருக்கு, ரெண்டு செத்தும் கிடக்கு. ஏசி போட்டா அந்த நாத்தம்தான் மூஞ்சில அடிக்குது. ஒங்க பட்டியல்ல முதலாவது சீட் கவர், ரெண்டாவது ஸ்பீக்கர், ஒயில் மாத்துறது ஒம்பதாவது. முதல்ல கழுவுங்க. பிறகு எலி கடிச்ச வயர், அதுக்குப் பிறகு ஒயில். சீட் கவர் பேச்சே வேணாம். மெக்கானிக் பாஸ் நாலு மணிக்கு வருவார், சாவி அலுமாரி மேல.

நாள் பூரா கராம்பு மூட்டைக்குள்ள மூக்க விட்டு பூஞ்சணம் கண்டுபிடிக்கிற யாவாரி நீங்க. பலாபத்வலயில கார் பார்க்கப் போய் நின்னு, ‘மனுசன் வாகனத்த என்னா வாசமா வச்சிருக்கான்’னு சொல்லி வாங்கிட்டு வந்தீங்க.”

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“கார வித்தவன் எலி நாத்தத்த மறைக்க சீட்டுக்குக் கீழ வச்ச கராம்புப் பொட்டலத்த எடுத்துப் பார்த்தேன். நம்ம கடைப் பை.”