மூன்று சபைக்கும் ஒரே மைக்செட்

ஜூலை 6, ஞாயிறு

காலை ஏழரைக்குக் கற்கோயில், பத்தரைக்கு ஹால் சபை. வழக்கம்போல.

கற்கோயிலில் மைக் மூன்றுதான். பிரசங்க மேடையில் ஒன்று, வேதம் வாசிக்கும் மேசையில் ஒன்று, பாடகர் குழுவுக்கு முன்னால் ஒன்று. எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்காலிடுவது எல்லாம் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறது. எந்த நிமிடம் யார் பேசுவார் என்று எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். தூங்கிக்கொண்டே மைக்செட்டைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு முறை அப்படிச் செய்தும் இருக்கிறேன்.

ஹால் சபையில் பதினோரு மைக். டிரம்ஸுக்கு மட்டுமே ஐந்து. புத்தகம் கிடையாது. பாஸ்டர் கையை உயர்த்தினால் பாட்டு முடிந்தது என்றும் அர்த்தம், முதலிலிருந்து இன்னொரு தடவை என்றும் அர்த்தம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது சபை தபால்காரர் வீட்டு முன்னறையில். இருபது பேர். பாஸ்டர் இல்லை, வாத்தியம் இல்லை, மைக் இல்லை. யாருக்காவது உள்ளே ஏவுதல் வந்தால் எழுந்து ஜெபிப்பார்கள். வராவிட்டால் சும்மா இருப்பார்கள். என்னைப் போன்றவன் வயிற்றில் அடிக்கிற சபை.

நான் எந்தச் சபை என்று கேட்டால், கேபிள் எதுவரை போகிறதோ அந்தச் சபை என்பேன். மனைவி கற்கோயில்தான். பாடகர் குழுவில் சொப்ரானோ, எல்லாருக்கும் மேலே போகிற வரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறாள். குழுவின் மைக்கை ஒரு விரற்கடை அவள் பக்கம் திருப்பி வைப்பது என் பழக்கம். அது அவளுக்கே தெரியாது.

ஜூலை 9, புதன்

கணக்கு வாத்தியார் ஒரு ஸ்பீக்கரை என் மைக்செட் கடைக்குக் கொண்டுவந்தார். அதற்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர், கீச்சுச் சத்தத்தை மட்டும் எடுத்துத் தருவது, கரகரக்கிறதாம். அதை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

‘செத்துப் போச்சு சார்.’

அவர் குனிந்து காதை வைத்தார். ‘கேக்குதே. கரகரன்னுதானே கேக்குது?’

ஏதோ மழுப்பி அனுப்பிவிட்டேன். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடையில் இருந்த மற்ற மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் செத்திருந்தன. பெட்டி பிரிக்காமல் புதிதாக வந்திருந்தது உட்பட.

மூன்றும் ஒரே நாளில் சாகாது. பழுது ஸ்பீக்கரில் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று கற்கோயிலில் கவனித்துக் கேட்டேன். ஆர்கன் கேட்டது. ஆண்கள் கேட்டார்கள். ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்வரி பாடும் நான்கு பேர், கேட்டார்கள். அவர்களில் பள்ளி ஆயாவுக்குச் சுருதி விலகியதுகூடக் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மனைவி வாயைத் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

எப்போதிருந்து? போன வருடம் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா? இருபத்தாறு வருடமாகக் கேட்ட குரல். காது விட்டதை மனசே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் வழக்கமாக ஏதாவது சொல்வேன். இன்றும் சொன்னேன். ‘கடைசிச் சரணத்துல மேல எடுத்த பாரு, அது நல்லா இருந்துச்சு.’

‘ம்’ என்றாள். கொஞ்ச தூரம் போனதும், ‘நிஜமாவா?’ என்றாள்.

‘பின்ன?’

ஜூலை 20, ஞாயிறு

ஹால் சபையில் பாட்டுக்கு நடுவே டிரம்ஸ் அடிக்கிறவர் என்னைப் பார்த்துக் காதைப் பொத்திக் காட்டினார். சிம்பல் தட்டின் சத்தம் காதைக் கிழிக்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை என்பதற்காக ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறேன். முடிந்ததும் பாஸ்டர் தோளில் தட்டிச் சொன்னார்: ‘அண்ணே, சாத்தான் ஓடறதுக்குத்தான் சத்தம். ஜனங்களும் சேர்ந்து ஓடிடப் போறாங்க.’

இனிமேல் காதை நம்பப் போவதில்லை. மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு விளக்கு உண்டு. பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறக்கு. கண் நன்றாகத்தான் இருக்கிறது.

வழியில் மனைவியிடம் இன்றும் நல்லா இருந்துச்சு என்றேன். அவள் பாட்டுப் புத்தகத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஜூலை 23, புதன்

காதும் காதும் வைத்தாற்போல் நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். அதற்கும் காது வேண்டியிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஐந்து மாதமாக மழை இல்லை. மூன்று சபையும் சேர்ந்து பள்ளிக்கூட மண்டபத்தில் மழைக்காக ஜெபிக்கப் போகிறார்களாம். இதுவரை மூன்றும் ஒரு கூரைக்கு அடியில் உட்கார்ந்ததில்லை. ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள், மைக் விஷயம் பேச.

கற்கோயில் போதகர் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்றார். பாஸ்டர், ‘தாள் பார்த்துப் படிச்சா மழை வராது, ஜனங்க வாய்விட்டுக் கதறணும்’ என்றார். கைதட்டலாமா கூடாதா என்பதில் மட்டும் முக்கால் மணி நேரம் போனது. தபால்காரர் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில், ‘ஆளுக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கலாமே. அவங்கவங்க நேரத்துல அவங்கவங்க முறை’ என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது.

‘ஒண்ணு மட்டும்’ என்றார் தபால்காரர். ‘எங்க நேரத்துல ஏவுதல் இல்லாம ஒருத்தரும் பேசக் கூடாது. என்ன ஆனாலும்.’

போதகரும் பாஸ்டரும் போட்டி போட்டுக்கொண்டு வாக்குக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மண்டபத்தில் முன்னூறு பேர். முதலில் கற்கோயில். போதகருக்குச் சன்னமான குரல், அவர் மைக்கை எப்போதும் ஏற்றியே வைப்பேன். பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்த பெருமையோடு உட்கார்ந்தார். அடுத்து ஹால் சபையின் இருபது நிமிடம் முப்பத்தைந்து ஆனது. கற்கோயில்காரர்களில் ஒருவர் ஆர்வக்கோளாறில் கைதட்டிவிட்டு, சுற்றிலும் பார்த்துக் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு தபால்காரர் எழுந்தார். ‘கண்ணை மூடிக் காத்திருப்போம்.’

டிரம்ஸ் மைக் ஐந்தையும் பாட்டு மைக் ஆறையும் ஒவ்வொன்றாக அணைத்தேன். போதகர் மைக்கை மறந்துபோனேன். அவரோ கால் நீட்ட இடம் வேண்டுமென்று அப்போதுதான் அதை ஸ்டாண்டோடு நகர்த்தி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வைத்திருக்கிறார். ஸ்பீக்கருக்கு முன்னால் திறந்த மைக்கை வைத்தால் அது கூவும். இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம்.

நானும் கண்ணை மூடினேன். தூங்கிப்போன அந்த இரண்டு தடவை தவிர, வேலை நேரத்தில் அப்படிச் செய்ததே இல்லை. இந்த இருபது நிமிடம் எல்லாருக்கும் கேட்பதுதான் எனக்கும் கேட்கிறது என்று தோன்றியது. விளக்கைப் பார்க்க வேண்டாம், யாரையும் ஏமாற்ற வேண்டாம். சுகமாக இருந்தது. சிரித்துக்கொண்டுகூட இருந்தேனாம்.

யாரோ மணிக்கட்டைத் தொட்டார்கள். மனைவி. பாடகர் குழு அங்கியோடு மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். என் கையைத் தாண்டி மிக்சரில் போதகர் மைக்கை இறக்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. நிமிர்ந்து பார்த்தால், முன்னூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சிலர் காதிலிருந்து விரலை எடுத்தார்கள்.

ஒன்பது நிமிடம் கூவியிருக்கிறது. ஊசியாய்க் குத்துகிற கூவல். ஒருவரும் வாய் திறக்கவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறார்களே. கற்கோயில்காரர்கள் இதுதான் தபால்காரர் சபையின் முறை போலும் என்று நினைத்தார்களாம். தபால்காரரின் ஆட்கள், ஹால் சபை ஏதோ கருவியை விட்டுவிட்டது என்று பொறுத்துக்கொண்டார்களாம். ஹால் சபையில் ஒரு அம்மா அதைப் பரலோகச் சத்தம் என்றே எடுத்துக்கொண்டு கையை உயர்த்திவிட்டார். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்களாம். மைக்செட்டுக்காரனே கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு இருக்கிறான், அப்போது எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது.

போச்சு. இத்தனை வருஷம் சேத்து வெச்ச பேரு ஒம்பது நிமிஷத்துல போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். அவள் மட்டும் ஏன் நம்பவில்லை?

ஆகஸ்ட் 11, திங்கள்

கேட்டேன். அங்கியைத் தேய்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

‘போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. பாடவே இல்ல. சும்மா வாயை அசைச்சேன். கடைசிச் சரணம் நல்லா இருந்துச்சுன்னீங்க.’

அங்கியின் கையை உள்ளே மடித்தாள்.

‘அடுத்த வாரம் தொண்டை சரியாயிடுச்சு. அப்பவும் அசைச்சு மட்டும் பார்த்தேன். அன்னைக்கும் நல்லா இருந்துச்சுன்னீங்க.’

‘அப்பவே கேட்டிருக்கலாமே.’

‘நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்.’ இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ‘பொய் சொன்னது கூடப் பரவாயில்லங்க. அதுக்கப்புறம் யாருக்குப் பாடறதுன்னே தெரியல. மைக்கை என் பக்கம் திருப்பி வைக்கறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?’

வெட்கமாக இருந்தது. தொழில் போகும் என்று பயந்தேனே தவிர, அந்த இரண்டு ஞாயிறு அவள் எப்படி வீட்டுக்கு நடந்து வந்திருப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

காது டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார். பிறகு ஒரு தாளைக் காட்டினார். கோடு பாதி வரை நேராகப் போய், அங்கிருந்து மாடிப்படியில் தவறி விழுந்ததுபோல் விழுந்திருந்தது.

‘மேல இருக்கற சத்தம் போயிடுச்சு, திரும்ப வராது. கீழ இருக்கறது நல்லா இருக்கு, அதைப் பத்திரமா வெச்சுக்குங்க.’

கருவி மாட்டினால் பேச்சு தெளிவாகும் என்றார். பாட்டு? அதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். மனைவி அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாஸ்டரே கடைக்கு வந்து சொன்னார், வெளியூரிலிருந்து ஆள் போட்டிருக்கிறார்களாம். ‘மனசுல வெச்சுக்காதீங்கண்ணே.’ வைத்துக்கொள்ளவில்லை. எந்தக் கேபிள் எந்த மைக்குக்கு என்று எழுதிக் கொடுத்தேன்.

கற்கோயில் போதகர், ‘நீங்க தூங்கினப்பவே சரியாத்தானே தம்பி நடந்துச்சு, இருங்க’ என்றார். தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

தபால்காரர் ஞாயிறன்றே வழியில் நிறுத்திக் கூப்பிட்டிருந்தார். ‘எங்க கூட்டத்துக்கு வாங்க சகோதரரே. இங்க உங்களால ஒரு தொந்தரவும் வராது.’ இன்று போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் எனக்கு அமைதிக்குக் குறைவில்லை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தங்கள் இருபது நிமிடத்துக்குத்தான் பதில் வந்தது என்று மூன்று சபையும் சொல்லிக்கொள்கின்றன.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பாடகர் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ‘இருபத்தாறு வருஷம் சொப்ரானோ பாடினவங்க திடீர்னு ஆல்ட்டோவுக்குப் போறேங்கறாங்க. மேல் வரிக்கு நான் யாரைப் பிடிக்கறது? கீழ்வரியெல்லாம் இந்த வயசுல புதுசா படிக்கணும். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க.’

‘வயசாயிடுச்சுங்க, மேல எட்டல’ என்றாள் மனைவி, அவரைப் பார்த்து. என்னைப் பார்க்கவில்லை.

எட்டாமல் என்ன. டாக்டர் கொடுத்த தாள் அலமாரியில் அவள் பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறது, நான் பார்த்தேன். எழுந்து உள்ளே போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

வீட்டில் பாடிப் பார்ப்பதில்லை. பயிற்சியெல்லாம் பள்ளி ஆயா வீட்டில்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆராதனைக்கு முன்னால் குழுவின் மைக்கை ஒரு விரற்கடை திருப்பினேன். இந்த முறை இடது பக்கம், ஆல்ட்டோ நிற்கும் பக்கம். அவள் பார்த்தாள்.

விளக்கைப் பார்க்கவில்லை. முதல் சரணத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து கேட்டார்கள். இரண்டாவதில் நான்கு பேரைக் கழித்துவிட்டு ஒருத்தியைப் பிரித்தெடுத்தேன். நான் ஞாபகம் வைத்திருந்த குரல் இல்லை. கனமாக, கொஞ்சம் தயங்கி, வீட்டில் பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றாவதில் பழக்க தோஷத்தில் மேல் வரிக்கு ஏறிவிட்டாள். அந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. சுதாரித்து இறங்கினாள், திரும்பக் கேட்டது.

வழியில் அவளாகவே கேட்டாள். ‘எப்படி இருந்துச்சு?’

‘மூணாவது சரணத்துல தப்பு பண்ணின.’

நின்றுவிட்டாள். ‘எந்த இடத்துல?’

இடத்தைச் சொன்னேன்.

‘ஆமாங்க’ என்றாள். ‘அங்கதான்.’ என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை அந்தத் தப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.