உங்களைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டம்

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் பந்து பிடிக்கும் தோல் கையுறையைச் செலின் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். நேற்றைய மழைக்குத் தோல் இளகி, நீங்கள் பூசிய தேங்காயெண்ணெய் மணம் விடிய அறை முழுக்க நின்றது. நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று வாசலை எட்டிப் பார்த்தேன். பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு எழுத இருந்துவிட்டேன்.

ஓம் அண்ணை, நானே எழுதுகிறேன். கோயில் மண்டபத்தில் ஒரு ரீச்சர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார். பஸ்ஸின் பெயர்ப்பலகை, சவர்க்கார உறை, மருந்துப் போத்தல், எல்லாவற்றையும் வாசிக்கிறேன். ஒரு சொல் கூடி வந்ததும் சிரிப்பு வந்துவிடுகிறது. "கடையளின்ரை பேரைச் சத்தமா வாசியாதேங்கோ, சனம் பாக்குது" என்று மனுசி ஏசுகிறாள். ஒரு பக்கம் எழுத ஒரு முற்பகல் போகிறது. போகட்டும்.

எழுத்துத் தெரியாத காலத்திலும் நான் ஒன்றை வாசித்தேன். உங்கள் மகள் செலின் பேஸ்போல் எறிந்த வீடியோக்களைத்தான். தேசிய அணிக்கு ஆள் தெரிவு செய்யும் போட்டி கொழும்பில் நடக்கவிருந்தது. அங்கிருந்த பயிற்றுநர் அம்மா, செலின் எறிவதைப் படம் பிடித்து நாள்தோறும் அனுப்பச் சொன்னார். செலினின் போன் கடலில் விழுந்து பழுதாகியிருந்தது. அதனால் எல்லாம் உங்கள் போனில் நடந்தது. கரையோர வெளியில் நீங்கள் மீன்பெட்டியில் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பீர்கள். நான் செலினுக்குப் பின்னால் நின்று படம் எடுப்பேன்.

"டேய் சவிரி, ஆடாமல் பிடியடா. தோணியிலையே நிக்கிறாய்?" என்பீர்கள்.

"சித்தப்பா, என்ரை தலையை வெட்டிப்போட்டெல்லோ எடுத்திருக்கிறியள்" என்பாள் அவள்.

பயிற்றுநர் படத்தின் மேல் கோடு கீறித் திருப்பி அனுப்புவார். கீழே இரண்டு வரி எழுதியிருக்கும். எழுத்தை நீங்கள் வாசித்துச் சொல்வீர்கள், கோட்டை நான் வாசிப்பேன். படத்தை மெதுவாக ஓடவிட்டு விரலால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். பந்து கையை விட்டுப் போகிற நேரத்தில் அவளின் முழங்கை தோளுக்குக் கீழே இறங்குவதை நான்தான் முதலில் கண்டேன். முன்கால் ஊன்றுவதற்கு முன்பே இடுப்புத் திரும்பிவிடுகிறது, மிச்ச வேலை முழுவதும் கையில் விழுகிறது. வீச்சுவலை எறிகிறவனுக்கு அது தெரியும். இடுப்பு அவசரப்பட்டால் வலை விரியாது.

"சித்தப்பாவின்ரை கண்ணுக்குள்ளை அடிமட்டம் இருக்கு" என்றாள் செலின். அந்தப் பெருமையில் நான் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வந்த படத்தில் அவள் மேல் ஒரு கோடும் இல்லை. பந்தைப் பிடித்துவிட்டுப் பெட்டியிலிருந்து எழும்புகிற உங்களைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் இருந்தது.

"உதேன் அண்ணை உங்களைச் சுத்திக் கீறியிருக்கு?"

நீங்கள் இரண்டு தரம் வாசித்தீர்கள். பிறகு போனை மடியில் செருகினீர்கள். "பந்து உந்த வட்டத்துக்குள்ளை வரவேணுமாம்."

"அப்ப உங்கடை நெஞ்சுதான் குறியோ?"

"ஓம் ஓம், நெஞ்சுதான். பிள்ளை, நேரை என்ரை நெஞ்சுக்கு எறி!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் எறிந்த பந்தெல்லாம் உங்கள் நெஞ்சுக்கு நேரே வந்தது.

அவள் கொழும்பில் எறிந்த அன்று நீங்கள் இங்கே கரைவலைக் கயிற்றைப் பிடித்தபடியே சரிந்தீர்கள். உங்கள் இடது கை மட்டும் கயிற்றை முதலே விட்டிருந்தது. அவளை அணிக்கு எடுத்த செய்தி இங்கே வந்ததும், நீங்கள் கண்மூடிய செய்தி கொழும்புக்குப் போனதும் ஒரே பின்னேரத்தில்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிய, செலின் உங்கள் போனை என்னிடம் தந்தாள். "அதைத் திறக்க என்னாலை ஏலாது, சித்தப்பா. வைச்சு வாசிச்சுப் பழகுங்கோ." போன கிழமை அந்த வட்டப் படத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்த படம், வாசிக்க இலேசாக இருக்கும் என்ற சந்தோசம். எழுத்துக் கூட்டினேன்.

"பந்து பிடிப்பவரின் இடது கால் இழுபடுகிறது. இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்."

அதற்குக் கீழே உங்கள் பதில். "காட்டினோம். பயமில்லை."

சிரிப்பு வரவில்லை அண்ணை. முதல் வீடியோவிலிருந்து திரும்பப் பார்த்தேன். இந்த முறை செலினைப் பார்க்கவில்லை. முதற் கிழமை நீங்கள் எழும்பும்போது இடது குதிக்கால் மட்டும் பிந்துகிறது. பிறகு முழங்காலில் கையை ஊன்றித்தான் எழும்புகிறீர்கள். கடைசிப் படங்களில் மணலில் உங்கள் பெருவிரல் இழுத்த கோடு பாம்பு ஊர்ந்ததுபோலக் கிடக்கிறது. எல்லாவற்றையும் படம் பிடித்தது என் கை. அவள் கொழும்புக்குப் போகாமல் நின்றுவிடுவாள் என்றுதானே மறைத்தீர்கள்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

"அப்பா ஒரு அடையாளமும் காட்டேல்லையே" என்று காணும்போதெல்லாம் கேட்கிறாள். இப்போது அவளின் முழங்கையில் நோவு. பழைய எறிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த வீடியோக்கள் வேண்டுமாம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு நாளை பூசை முடிய வருகிறாள்.

காலையில் வட்டப் படத்தின் மேல் விரலை வைத்தேன். "அழிக்கவா?" என்று போன் கேட்டது. ஆம், இல்லை, இரண்டும் எனக்கு வாசிக்கத் தெரிந்த சொற்கள். தெரியாமலே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன். இல்லை என்பதை அழுத்தினேன்.

அவள் தனியே திறந்து அதைக் காணக்கூடாது. பக்கத்தில் இருத்தி, பயிற்றுநரின் வரியையும் உங்கள் வரியையும் நானே வாசித்துச் சொல்வேன், ஒரு சொல்லும் மாற்றாமல். எனக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவ்வளவு நேரமும் அவள் பொறுத்துக்கொண்டு இருக்கவேண்டும்.

உங்கள் தம்பி,
சவிரி