மூன்றாவது இடத்துச் சிவப்புச் செதில்கள்

பிப்ரவரி 3
கரையோரம் மூன்றாவது இடத்தில் அள்ளிய கடல்நீரில் மட்டும் மறுபடியும் சிவப்புத் துகள்கள். வடிதாளில் முப்பத்தொன்று. வெறும் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. மற்ற நான்கு இடங்களில் ஒன்றிரண்டுதான். என் உடுப்பிலிருந்து உதிர்ந்ததோ என்று சுத்த நீரையும் வடித்துப் பார்த்தேன். அதில் எதுவுமில்லை.

பிப்ரவரி 4
ஆய்வகத்துக் கருவி ஒவ்வொரு துகளுக்கும் ஒரு கோடு வரைந்து காட்டும். அதை வைத்துத்தான் என்ன பிளாஸ்டிக் என்று சொல்ல முடியும். இன்று வந்த கோடு பையோடும் சேரவில்லை, பாட்டிலோடும் சேரவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் மேடம் எட்டிப் பார்த்து, "சாயப்பட்டறை நூலா இருக்கும்" என்றார். நூல் என்றால் நீளமாக இருக்குமே, இது செதில் செதிலாக இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்?

பிப்ரவரி 6
ஏன் என்று தெரியும். அந்த மூன்றாவது இடத்திலிருந்து நூறடி தள்ளி அண்ணனின் படகுப் பட்டறை.

பிப்ரவரி 8
அண்ணியைப் பார்க்கும் சாக்கில் போனேன். அண்ணன் ஒரு படகின் அடிப்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சிவப்புத் தூசி நேரே அலைக்குப் போனது. "என்னடி, வேலைக்கு லீவா?" என்றான். அவன் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அவன் பார்க்காதபோது பெயின்ட் சுரண்டலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். திருட்டுதானே இது?

பிப்ரவரி 9
சுரண்டலின் கோடு கடல்நீர்த் துகளின் கோட்டோடு பொருந்துகிறது. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன். மனசு கேட்காமல் நான்காவது முறையும்.

பிப்ரவரி 11
நேரில் போய்ச் சொன்னேன். உளியைக் கீழே வைத்தான்.
"இவ்வளவு பெரிய கடல்ல என் பட்டறைதான் கிடைச்சுதா உனக்கு?"
"அளந்தேன்ணா. அதான் வந்துச்சு."
"அறிக்கையில எழுதிடுவியா?"
"எழுதாம எப்படி..."
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிப்ரவரி 13
அறிக்கை கொடுத்தாயிற்று. படகு பெயின்ட் என்று எழுதினேன். ஒப்பிட்ட சுரண்டல் யார் பட்டறையில் எடுத்தது, அவன் எனக்கு யார் என்பதையும். மேடம் இரண்டு தடவை படித்தார். "வீட்ல பிரச்சினையா?" என்றார். கண்ணாடித் தட்டுகளைக் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 17
அண்ணனிடமிருந்து போன் வரவில்லை.

பிப்ரவரி 20
அண்ணிதான் பேசினாள். "வேலையைப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருக்கார்." எனக்கோ ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எண்ணியதையே திரும்ப எண்ணுகிறேன். தப்பு வருமா என்று தேடுகிறேனா? வரவில்லை.

பிப்ரவரி 26
ஆய்வக வாசலில் யாரோ என்னைக் கேட்கிறார்கள் என்று காவலாளி கூப்பிட்டார். அண்ணன். கையில் மூன்று பொட்டலம் – மூன்று கடையில் வாங்கிய மூன்று பெயின்ட், காயவைத்துச் சுரண்டியது.
"இதுல எது கடல்ல கரைஞ்சு போயிடும், பார்த்துச் சொல்லு."
"எதுவுமே கரையாதுண்ணா, பெயின்ட்லயும் பிளாஸ்டிக்தான் இருக்கு. அதானே பிரச்சினை."
பொட்டலங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
"அப்ப அடியில தார்ப்பாய் விரிச்சுத்தான் சுரண்டணும். தூசி எவ்வளவு தூரம் பறக்குதுன்னு நீயே வந்து பாரு. உனக்குத்தான் அளக்கத் தெரியுமே."
நாளைக் காலை போகிறேன்.